இந்த ஓட்டலில் நாம் சாப்பிட்டோமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஐயா, என் டெபிட் கார்டிலிருந்து 882 ரூபாய் போயிருக்கிறது. ஸ்டேட்மென்டில் 'ஃபுட்ஸ் அண்ட் ஹாஸ்பிடா' என்று பாதியில் நிற்கும் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். ஊர் பெங்களூரு என்று இருக்கிறது. நான் பெங்களூருக்குப் போயே பல வருஷம் ஆகிறது. வீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். மருமகன், 'அத்தை, உடனே கார்டை பிளாக் பண்ணுங்க' என்கிறார். என் கணவர், 'எண்ணூறு ரூபாய்தானே, விடு' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா. எடுத்ததும் கார்டை பிளாக் செய்தால் புதுக் கார்டு கைக்கு வரும்வரை அல்லாட வேண்டும். பிளாக் செய்த மறுநாள், அது போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட்ட பிரியாணிக் கணக்கு என்று தெரியவரும். வங்கிக்கு வரும் 'இது நான் செய்யாத செலவு' புகார்களில் இந்த ரகம் ஏராளம். அதற்காக 'விடு' என்று விடுவதும் தப்பு. கார்டு விவரத்தைத் திருடியவர்கள் முதலில் சின்னத் தொகை ஒன்றைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்து பெரிய தொகையாகப் போடுவார்கள்.

நான் சொல்வது இதுதான். முதலில் வங்கி ஆப்பைத் திறந்து, கார்டின் ஆன்லைன் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி மூன்றையும் அணைத்து வையுங்கள். 2020-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவால் இந்தச் சுவிட்சுகள் எல்லா வங்கியிலும் வந்துவிட்டன. வேண்டும்போது நாமே போட்டுக்கொள்ளலாம், அணைத்துக்கொள்ளலாம். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து தேடுங்கள். அது நம் செலவுதான் என்று தெரிந்தால் சுவிட்சைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கே வங்கியில் புகார் பதியுங்கள். அந்த அவசரம் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தேடுவதைப் பெயரில் தொடங்கலாம். வாசலில் மாட்டிய போர்டு ஒன்று, வங்கியில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி வேறொன்று. உணவகத் தொழிலில் இது சர்வ சாதாரணம். டொமினோஸ் பீட்சா சாப்பிட்டால் ஸ்டேட்மென்டில் ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் என்று வரலாம். தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்துவது ஹார்ட்கேஸில் ரெஸ்டாரன்ட்ஸ். கே.எஃப்.சி. கிளைகளை நடத்திவந்தவை சபையர் ஃபுட்ஸ், தேவயானி இன்டர்நேஷனல் ஆகிய இரண்டு கம்பெனிகள். பர்கர் கிங் என்றால் ரெஸ்டாரன்ட் பிராண்ட்ஸ் ஏசியா. ஸ்விக்கியின் பழைய பதிவுப் பெயர் பண்டல் டெக்னாலஜிஸ். சொமேட்டோவின் தாய்க் கம்பெனி 2025-ல் எடர்னல் என்று பெயர் மாறியது. இவையெல்லாம் பெரிய கம்பெனிகள், தேடினால் கிடைத்துவிடும். சிக்கல் உள்ளூர்க் கடைகளில்தான். அப்பா பெயரில் மெஸ், மகன் ஆரம்பித்த பிரைவேட் லிமிடெட், அதன் கீழ் மூன்று கிளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு என்று இருக்கும். கார்டு மெஷின் அந்த பிரைவேட் லிமிடெட்டின் பெயரில்தான் பேசும்.

பெயர் பாதியில் நிற்பதற்கும் காரணம் உண்டு. கார்டு வலைப்பின்னலில் ஒரு பரிவர்த்தனை ஓடும்போது கடையின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து 40 ஆங்கில எழுத்துக்கு மட்டுமே இடம். அதில் பெயருக்கு 25, ஊருக்கு 13, நாட்டுக்கு 2. 'ஹார்ட்கேஸில் ரெஸ்டாரன்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதி 25 எழுத்தில் அடைத்தால், 'பிரைவேட்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். வங்கி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெட்டும். நம் வாசகி பார்த்த 'ஹாஸ்பிடா' அப்படி வெட்டுப்பட்ட 'ஹாஸ்பிடாலிட்டி'யாக இருக்கலாம்; அதை ஆஸ்பத்திரியோ என்று பயந்தவர்களும் உண்டு.

பெங்களூரு எப்படி வந்தது? ஊர் என்ற கட்டத்தில் கிளை இருக்கும் ஊர் வராமல் தலைமை அலுவலக ஊரோ, பணம் வாங்கித்தரும் இடைத்தரகுக் கம்பெனியின் ஊரோ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்விக்கி பெங்களூரு, சொமேட்டோ குருகிராம், ஜூபிலண்ட் நொய்டா. கடையின் பெயரே வராமல் ரேசர்பே, பேயு, கேஷ்ஃப்ரீ, பைன் லேப்ஸ் என்று மட்டும் வந்தால், அது கடைக்காகப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஈசிடைனர், டைன்அவுட், டிஸ்ட்ரிக்ட் போன்ற ஆப்பில் பில் கட்டியிருந்தால், ஓட்டல் பெயருக்குப் பதில் ஆப்பின் பெயர்தான் வரும். மால்களின் ஃபுட் கோர்ட்டில் ஒரே கவுன்டரில் பணம் வாங்கினால், நாம் தோசை வாங்கிய கடைக்குப் பதில் ஃபுட் கோர்ட்டை நடத்துபவரின் பெயர். பஸ் நிற்கும் நெடுஞ்சாலை மோட்டலிலும் அப்படித்தான். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் குடித்த காபிக்கு எந்தப் பெயர் வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்!

யு.பி.ஐ.யில் சிக்கல் வேறு விதம். அங்கே வருவது ஆள் பெயர். தெருமுனை இட்லிக் கடையில் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து 60 ரூபாய் போட்டால், ஸ்டேட்மென்டில் கடைக்கார அண்ணனின் மனைவி பெயரோ மச்சான் பெயரோ இருக்கும். யார் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதோ அவர் பெயர். 2025 நடுப்பகுதியிலிருந்து, பணம் அனுப்பும்போது பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயரையே ஆப்புகள் காட்ட வேண்டும் என்று யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. விதித்துவிட்டது. நம் போனில் நாமே 'இட்லிக் கடை' என்று சேமித்து வைத்த பெயர் அந்தத் திரையில் உதவாது. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதக் கடைசியில் ஸ்டேட்மென்டைப் பார்த்து 'யார் இந்தச் செல்வராணி?' என்று வீட்டில் கேள்வி எழும்போது, கையேந்தி பவன் என்று பதில் சொல்லி நம்ப வைப்பது அவரவர் சாமர்த்தியம்.

யு.பி.ஐ. வரியில் பெயரைவிட உதவுவது இரண்டு. ஒன்று, பெறுபவரின் யு.பி.ஐ. முகவரி. அது பேடிஎம் க்யூ.ஆர். என்று தொடங்கினாலோ, பாரத்பே என்று இருந்தாலோ, 'க்யூ' என்ற ஆங்கில எழுத்தும் எண்களுமாகத் தொடங்கி ஒய்.பி.எல். என்று முடிந்தாலோ, அது பெரும்பாலும் கடையில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டை. கைப்பேசி எண்ணோ ஆள் பெயரோ முகவரியாக இருந்தால் தனிநபர் கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, 12 இலக்கக் குறிப்பு எண். இதில் பொதுவாக முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 5187 என்று தொடங்கினால் 2025-ன் 187-வது நாள், அதாவது ஜூலை 6. காலண்டரில் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை. மதியம் வெளியே போனோமே என்று உடனே ஞாபகம் வரும்.

கார்டு என்றால் இரண்டு தேதி இருக்கும். ஒன்று நீங்கள் தேய்த்த தேதி, மற்றது வங்கிக் கணக்கில் பதிவான தேதி. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு திங்களன்றோ செவ்வாயன்றோ பதிவாவதில் ஆச்சரியமில்லை. வங்கியில் கேட்டால் வணிக வகை எண்ணையும் சொல்வார்கள். 5812 என்றால் உணவகம், 5814 துரித உணவு, 5462 பேக்கரி, 7011 தங்கும் விடுதி, 5813 மதுக்கூடம். வீட்டில் எல்லாரும் சுற்றி நிற்கும்போது ஸ்பீக்கரில் போட்டு இதைக் கேட்காமல் இருப்பது சிலருக்கு நல்லது.

அடுத்து தொகை. மெனு விலை மட்டுமே நமக்கு நினைவில் இருக்கும், ஸ்டேட்மென்டிலோ வரி சேர்ந்த தொகை வரும். சாதாரண உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். எனவே ஸ்டேட்மென்ட் தொகையை 1.05-ஆல் வகுத்துப் பாருங்கள். வாசகியின் 882-ஐ வகுத்தால் சரியாக 840. மூன்று பேர் மீல்ஸ், ஒரு ஃபிஷ் ஃப்ரை, இரண்டு பாட்டில் தண்ணீர் என்று கூட்டிப் பார்த்து அந்த 840-ஐ அடைய முடிகிறதா என்று முயலுங்கள். பைசா இல்லாத முழுத் தொகையாக வகுபட்டாலே அது உட்கார்ந்து சாப்பிட்ட பில்லாக இருக்க வாய்ப்பு கூடும். பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம் போடுவார்கள். அங்கே 1.18-ஆல் வகுக்க வேண்டும். ஆப்பில் ஆர்டர் செய்ததென்றால் டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், அவற்றின் மேல் வரி என்று கலந்திருப்பதால் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆப்பின் பழைய ஆர்டர் பட்டியலில் தொகையைத் தேடுவதே சுலபம்.

தொகை மெனுவைவிடக் கூடுதலாக இருந்தால் சர்வீஸ் சார்ஜையும் பாருங்கள். 840-க்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அதன் மேல் 5 சதவீத வரி போட்டால் 970 ரூபாய் 20 காசு. பலர் 'கார்டில் கூடத் தேய்த்துவிட்டார்கள்' என்று சொல்வது இதைத்தான். இந்த சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்தது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம், வேண்டாம் என்றால் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் இதற்கு வங்கியில் மோசடிப் புகார் கொடுக்காதீர்கள், நிற்காது.

பழைய பில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உணவக பில்லில் இரண்டு எண்கள் இருக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணை 2022 ஜனவரியிலிருந்து பில்லில் அச்சிடுவது கட்டாயம். இன்னொன்று 15 எழுத்தும் எண்ணுமான ஜி.எஸ்.டி. எண். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும், புதுச்சேரி 34, கர்நாடகம் 29. இந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் போட்டால், கடையின் வணிகப் பெயரும் சட்டப்படியான பெயரும் அடுத்தடுத்து வரும். லாகின் எதுவும் தேவையில்லை. போர்டில் இருக்கும் பெயரும் ஸ்டேட்மென்டில் இருக்கும் பெயரும் ஒரே ஆள்தானா என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி கிடையாது. கார்டு மெஷினிலிருந்து வரும் சின்னத் துண்டுச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. அதன் தலையில் அச்சாகும் பெயர் பெரும்பாலும் ஸ்டேட்மென்டில் வரும் அதே பெயர்தான்.

பில் இல்லையா? வீட்டில் மறுபடி கேளுங்கள், ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "யாராவது 882 ரூபாய் செலவு பண்ணீங்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டீங்க, யார் போன்ல ஆர்டர் போட்டீங்க?" என்று கேளுங்கள். மகன் போனில் இருக்கும் சாப்பாட்டு ஆப்பில் அம்மாவின் கார்டு எப்போதோ சேமிக்கப்பட்டிருக்கும். கூடுதல் கார்டு வாங்கி மகளுக்குக் கொடுத்திருப்பீர்கள், அதன் செலவும் உங்கள் ஸ்டேட்மென்டில்தான் வரும். யு.பி.ஐ. சர்க்கிள் வழியாக வீட்டில் இன்னொருவரை உங்கள் கணக்கிலிருந்து செலவழிக்க அனுமதித்திருந்தாலும் அப்படியே. ஸ்விக்கி ஒன், சொமேட்டோ கோல்டு போன்ற சந்தாக்களும் ஓட்டல் செலவு மாதிரியே தோற்றமளிக்கும். தானாகப் பிடிக்கப்படும் எந்தச் சந்தாவுக்கும் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்திருப்போம்.

சந்தேகப்படும் ஓட்டல் எது என்று ஊகம் இருந்தால் நேரே போன் போட்டுக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சண்டைக் குரல் வேண்டாம். "அண்ணே, ஞாயித்துக்கிழமை மதியம் ஒன்றரை மணி வாக்குல உங்க கடையில சாப்பிட்டோம். ஸ்டேட்மென்ட்ல வேற பேர் வருது. உங்க கார்டு மெஷின் எந்தப் பேர்ல இருக்குன்னு மட்டும் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். காசாளருக்கு அது அன்றைக்கே ரெண்டாவது அழைப்பாகக்கூட இருக்கும், சட்டென்று சொல்லிவிடுவார். தேவைப்பட்டால் தொகை, நேரம், கார்டின் கடைசி நான்கு இலக்கம் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு எண்ணும் சொல்லாதீர்கள்.

தெரிந்த ஓட்டல்தான், ஆனால் இரண்டு முறை பணம் போயிருக்கிறது என்றால் அது வேறு கதை. ஞாயிறு மதியக் கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். "போகல சார், இன்னொரு தடவ போடுங்க" என்பார் சர்வர். நாமும் பின்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடுவோம். இரண்டும் போயிருக்கும். இங்கே யாரும் திருடவில்லை. முதல் தொகை பெரும்பாலும் கடைக்குப் போய்ச் சேராமல் நடுவில் நிற்கும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு நாள் குறித்துவிட்டது. கடையில் செலுத்தியது கார்டாக இருந்தாலும் யு.பி.ஐ.யாக இருந்தாலும், கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி கிடைக்கவில்லை என்றால், அந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நாம் கேட்காமலே தர வேண்டிய தொகை இது, ஆனாலும் ஒரு மின்னஞ்சல் போட்டு வைப்பது நல்லது. ஐந்து நாள் கழித்தும் வரவில்லை என்றால், முதல் தொகையும் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்போது கடைதான் திருப்பித் தர வேண்டும். நாணயமான கடைகள் அன்றைய கணக்கைப் பார்த்துத் தந்துவிடும். அடுத்த தடவை "போகல" என்றால், உங்கள் ஆப்பில் 'தோல்வி' என்று சிவப்பில் வந்திருக்கிறதா, 'நிலுவை' என்று நிற்கிறதா என்று பாருங்கள். நிலுவை என்றால் இரண்டு நிமிடம் காத்திருங்கள். பின்னால் நிற்பவர்களும் காத்திருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்தாயிற்று. பெயர் பொருந்தவில்லை, தொகை ஒத்துவரவில்லை, வீட்டில் எல்லாரும் 'நான் இல்லை' என்கிறார்கள். இப்போது அந்த அவசரத்துக்கு வருவோம்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகள்தான் நமக்குக் கவசம். நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, நடுவில் எங்கோ விவரம் திருடப்பட்டது என்ற நிலையில், வங்கியின் தகவல் நமக்குக் கிடைத்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் நம் இழப்பு பூஜ்யம். தகவல் கிடைத்த நாள் கணக்கில் சேராது. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டிவரும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்கு என்றால் 5,000. கிரெடிட் கார்டின் வரம்பு 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் 25,000. நம் 882 ரூபாய் இந்த உச்சவரம்புக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நாலாவது நாள் சொன்னால் அது நம் தலையில்தான். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை எப்படியோ அப்படி. வங்கியே தவறு செய்திருந்தால் மட்டும் நாள் கணக்கு பார்க்காமல் நமக்கு இழப்பில்லை.

புகார் வந்ததும் 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் குற்றவாளி என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. புகார் கொடுத்த பிறகு நடக்கும் எந்த இழப்பும் வங்கியையே சேரும். ஆகவே புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் நாம் அனுமதிக்காத செலவுக்கு மட்டும். பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும்வரை ஆன இழப்பு நம்முடையது. நாமே பின் போட்டுப் பணம் செலுத்தி, சாப்பாடு மோசம், அளவு குறைவு, ஆர்டர் வரவில்லை என்றால் அது கடைக்கும் நமக்குமான தகராறு. கார்டு என்றால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' கேட்கலாம், யு.பி.ஐ. என்றால் அந்த ஆப்பிலேயே புகார் எழுப்பும் வழி உண்டு. அங்கே கடை தன் தரப்பைச் சொல்லும், பில்லைக் காட்டும். இந்த இரண்டையும் குழப்பி, ரசம் ஆறிப்போயிருந்தது என்பதற்காக 'திருட்டு' என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணமும் வராது, அடுத்து உண்மையிலேயே திருட்டு நடக்கும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பும் குறையும்.

புகாரில் நீட்டி முழக்க வேண்டாம். தேதி, தொகை, ஸ்டேட்மென்டில் உள்ள பெயர் அப்படியே, குறிப்பு எண். அதன் கீழ்: "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை. என் அனுமதியோடு வேறு யாரும் செய்யவில்லை. கார்டு என் கையில்தான் இருக்கிறது. பின், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இந்த எஸ்.எம்.எஸ். இந்தத் தேதியில் வந்தது." இது போதும். கடைசி வரி முக்கியம், ஏனென்றால் மூன்று நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கார்டு கையில் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே பிளாக். 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் தட்டியே பணம் எடுக்க முடியும் என்பதை மறக்காதீர்கள்.

யாரை அழைப்பது? கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணை மட்டும். கூகுளில் வங்கியின் பெயரையோ ஓட்டலின் பெயரையோ போட்டு 'கஸ்டமர் கேர்' என்று தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். 882 ரூபாயைத் திரும்பத் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், இந்த க்யூ.ஆர்.ஐ ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்க பின் எண் ஒருபோதும் தேவையில்லை. சின்னத் தொகையைத் தேடிப்போய்ப் பெரிய தொகையை இழப்பது இந்த ஒரு அழைப்பில்தான். மோசடி நடந்தது உறுதி என்றால் வங்கியோடு சேர்த்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கிரெடிட் கார்டு என்றால் இன்னொரு வசதி. மோசடி என்று நீங்கள் புகார் செய்த தொகைக்கு, விசாரணை முடியும்வரை வட்டியோ அபராதமோ போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதியைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் முழு பில்லையும் கட்டாமல் விட்டால் வட்டி ஓடும்.

வெளிநாடு போய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசாகும். அமெரிக்காவில் முதலில் பில் தொகைக்குக் கார்டைத் தேய்ப்பார்கள். நீங்கள் சீட்டில் எழுதிய டிப்ஸைச் சேர்த்து இறுதித் தொகை இரண்டு மூன்று நாள் கழித்துப் பதிவாகும். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த தொகையும் ஸ்டேட்மென்ட் தொகையும் வேறுபடுவது அதனால்தான். இதோடு நம் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இணையத்தில் புகார் பதியலாம், வழி தெரியாதவர்கள் 14448-க்கு அழைத்துக் கேட்கலாம். முதலில் வங்கியில் புகார் செய்ததற்கான எண் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மதுரை வாசகிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று நாள் கணக்கு வங்கியின் தகவல் கிடைப்பதிலிருந்து ஓடுகிறது. அந்தத் தகவல் போகும் போன் எண், எப்போதோ கைவிட்ட பழைய சிம்மாக இருந்தாலோ, வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணாக இருந்தாலோ உங்களுக்கு எதுவும் தெரியாமலே நாள் போய்விடும். இந்த வாரம் கிளைக்குப் போகும்போது பாஸ்புக்கோடு ஆதாரையும் எடுத்துப் போய், கணக்கில் இருப்பது இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்று கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.